மீன் கடிக்காத கால்

கொல்கத்தாவுக்கு வந்த இத்தனை வருஷத்தில் நான் மீன் சாப்பிட்டதில்லை. ஆனால் மீன் என்னைச் சாப்பிடட்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு காலையும் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்காரவில்லை, அதுகளிடம் கெஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது ஏன் என்று சொல்வதற்கு முன்னால் முதல் மாடி பௌதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பௌதி என்றால் அண்ணி. இங்கே அக்கம்பக்கத்தில் நம்மைவிட மூத்த, கல்யாணமான பெண்கள் எல்லோருமே பௌதிதான். அவர்கள் வீட்டுக்காரர் தாதா, அதாவது அண்ணன். என் கணவருக்கு வங்கியில் வேலை. "மூணே வருஷம், திரும்பிரலாம்" என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிவந்தார். அந்த மூன்று வருஷம் எப்போதோ போய்விட்டது. டாக்குரியாவில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் ஒன்றில் மூன்றாம் மாடி எங்களுக்கு. முதல் மாடியில் பௌதியும் தாதாவும்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். முட்டைகூடக் கிடையாது. வந்த புதிதில் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டுதான் படி ஏறுவேன். தினமும் காலையில் தாதா சந்தைப் பையோடு வருவார், பையிலிருந்து ஒரு வால் எட்டிப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் கடுகெண்ணெய் வாசமும் மீன் வாசமும் எங்கள் வீட்டுக்கு அழைப்பில்லாமல் ஏறி வந்துவிடும். மனுஷ மூக்குக்கு எதுவும் பழகிவிடும் போல. இப்போதெல்லாம் படியில் ஏறும்போதே இன்றைக்கு என்ன மீன், வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்களா இல்லையா என்பதுவரை எனக்குத் தெரிந்துவிடும். "வாயில வைக்காமலே மீன்ல பட்டம் வாங்கிட்ட" என்பார் பௌதி.

அவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, பெரிய குரல். பெண்ணான என்னை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார். சகோதரா என்று அர்த்தம், ஆனால் வங்காளத்துப் பெண்கள் தோழியைக்கூட அப்படித்தான் அழைக்கிறார்கள். என் பெங்காலி ஓட்டை உடைசல், அவர் இந்தி அதைவிட மோசம். இரண்டையும் கலந்து, மீதிக்குக் கையையும் ஆட்டி நாங்கள் பேசுவதை இங்கே தமிழாக்கித்தான் தருகிறேன்.

சாயங்காலமானால் என் வீட்டு ஃபில்டர் காபிக்காக இரண்டு மாடி ஏறி வருவார். கையில் அவர் வீட்டு பிஸ்கட் டப்பா இருக்கும். "உங்க ஊர் சாப்பாட்டுல எனக்குப் புரிஞ்சது இது ஒண்ணுதான்" என்று டம்ளரைத் தூக்கிக் காட்டுவார். என் மகள் கணக்குப் போடாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவளைத் திட்டுவார், நான் திட்டினால் அவளுக்காக என்னைத் திட்டுவார். இந்த ஊரில் எனக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள அவர் ஒருவர்தான். அதை நான் அவரிடம் சொன்னதில்லை. எங்கள் பக்கம் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் இல்லை.

அப்படிப்பட்டவருக்கு முழங்கால் போய்விட்டது. முதலில் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பற்றி ஏறினார். அப்புறம் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். அப்புறம் வருவதே நின்றுபோனது. நான் காபியை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கீழே கொண்டுபோனேன். ஃபிளாஸ்க் காபி காபியே இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். இந்த வருஷம் துர்கா பூஜைக்கு எங்கள் தெருப் பந்தலுக்குக்கூட அவரால் வர முடியவில்லை. பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேளம் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மூட்டு மாற்றிவிடலாம், நன்றாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூட்டு என்றாலும் சரி, இருதயம் என்றாலும் சரி, வங்காளத்தில் கடைசியில் எல்லோரும் சொல்கிற ஊர் ஒன்றுதான். வேலூர். எங்கள் ஊரில் இருந்தவரைக்கும் நான் வேலூர் என்ற பேரை இத்தனை முறை கேட்டதில்லை. ஹவுராவில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்குகிற கூட்டத்தில் பாதிப் பேர் கையில் எக்ஸ்ரே உறை இருக்கும்.

தாதா இரண்டு முறை டிக்கெட் போட்டார். இரண்டு முறையும் பௌதி ரத்து செய்ய வைத்தார். முதல் தடவை நாத்தனார் பேரனுக்கு அன்னப்பிராசனம். இரண்டாம் தடவை ஜலதோஷம். கழுவுற மீனில் நழுவுற மீன் என்று நாம் சொல்வது அவருக்கென்றே சொல்லி வைத்தது போல இருக்கும். ஒரு நாள் ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டே நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"வலிக்குப் பயமா, பௌதி?"

"வலி இப்பவே இருக்கே." டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இடுப்புக்குக் கீழ மட்டும்தான் மரத்துப்போக வைப்பாங்களாம். நான் முழிச்சிக்கிட்டுப் படுத்திருக்கணும். என் காலை வெச்சுக்கிட்டு என் தலைக்கு மேல அவங்க என்னமோ பேசுவாங்க. ஒரு வார்த்தை எனக்குப் புரியாது. நல்லா நடக்குதா, கெட்டுப்போச்சா, எதுவும் தெரியாது. அங்க படுத்துக்கிட்டு நான் யாரு?"

முப்பது வருஷம் வகுப்பறையில் பேசியே வாழ்ந்தவர் அவர். பேச்சு புரியாத அறையில் படுத்திருப்பதுதான் அவருக்குச் சாவு பயம் மாதிரி. அங்கே கடைக்காரர் முதற்கொண்டு பெங்காலி பேசுவார்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நானே கூடப் போயிருப்பேன், ஆனால் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. "என் போன் திறந்தே இருக்கும், எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று சொன்னேன். "ஆபரேஷன் மேஜையில போனை யார் பிடிப்பாங்க?" என்று கேட்டார்.

இந்த நேரத்தில்தான் புனேயில் இருக்கிற அவர் மகள் அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு கூப்பன் அனுப்பினாள். நியூ டவுனில் ஒரு மாலில் பாத ஸ்பா, இரண்டு பேருக்கு. வெந்நீரில் காலை வைத்து யாராவது பிடித்துவிடுவார்கள் என்று பௌதி நினைத்தார். போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏதோ ஒரு வெள்ளைக்காரியின் கால். அதைச் சுற்றிலும் பொடி மீன்கள்.

"பௌதி, இது மசாஜ் இல்லை. மீன் தொட்டி. காலை உள்ள வெச்சா மீன் வந்து செத்த தோலைத் தின்னுமாம்."

"மீனா?" நிமிர்ந்து உட்கார்ந்தார். "அறுபது வருஷமா நான் அதுங்களைத் தின்னேன். இப்ப அதுங்க முறை. நியாயம்தான். நீயும் வா, ரெண்டு பேருக்கு இருக்கு."

"நானா? நான் மாட்டேன்."

"பயமா?"

"பயம் எல்லாம் இல்லை. அருவருப்பு."

"அதுவும் பயம்தான். பேரை மாத்தி வெச்சிருக்க."

எனக்குச் சுருக்கென்று வந்தது. கொஞ்சம் முன்கோபம் எனக்கு, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "நான் பேரை மாத்துறேன்னா நீங்க என்ன செய்றீங்க? பயத்துக்கு ஜலதோஷம்னு பேர் வெச்சு டிக்கெட்டைக் கிழிக்கலையா?" என்று கேட்டுவிட்டேன்.

பௌதி கோபப்படவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. நீ மீன் தொட்டியில காலை வை. மீன் உன்னைக் கடிக்கட்டும். கடிச்சுதுன்னா நான் வேலூர் போறேன்."

நான் மாட்டேன் என்று சொல்வேன் என்ற தைரியத்தில்தான் அப்படிச் சொன்னார். வைக்கிறேன் என்று நான் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். கணுக்கால் அளவுத் தண்ணீரில் காலை விட ஒப்புக்கொண்டதற்கே அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

போவதென்று ஆனதும் வேறொரு கவலை வந்துவிட்டது. என் குதிகால். பித்தவெடிப்பு என்றால் அப்படி ஒரு பித்தவெடிப்பு. முன்பின் தெரியாத பெண் ஒருத்தி அதைப் பார்க்கப் போகிறாள். வேலைக்கார அம்மா வருவதற்குள் பாத்திரத்தை ஒரு தரம் கழுவி வைக்கிற புத்தி எங்கள் குடும்பத்துக்கே உண்டு. அழுக்கை எடுக்க ஆள் வைத்தாலும் அழுக்கோடு போய் நிற்கக் கூடாது. ஆகவே வியாழக்கிழமை சாயங்காலமே மஞ்சளை விளக்கெண்ணெயில் குழைத்து வெடிப்பெல்லாம் அழுந்தப் பூசி, மேலே பழைய சாக்ஸ் போட்டுக்கொண்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. குளிக்கும்போது வழக்கம்போலக் காலுக்கு மஞ்சளும் பூசிக்கொண்டேன். வெடிப்பெல்லாம் அடங்கிப் பாதம் மங்களகரமாக இருந்தது. கொலுசைக்கூட மாற்றினேன்.

என் கணவர் பேப்பருக்கு மேலாகப் பார்த்தார். "மீனு கடிக்கப்போற காலுக்கு இம்புட்டு அலங்காரமா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வாடகைக் கார் பைபாஸில் ஏறியது. கார்த்திகைக் குளிர் லேசாகத்தான் இருந்தது, ஆனால் டிரைவர் குரங்குக் குல்லாய்க்குள் போயிருந்தார். இந்த ஊர்க்காரர்களுக்குப் பனி விழ வேண்டாம், பனி விழுமோ என்று தோன்றினால் போதும். பௌதி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழி நெடுக எந்தக் கட்டடம் எந்தக் குளத்தை மூடிக் கட்டியது என்று பூகோளப் பாடம் நடத்திக்கொண்டு வந்தார். இத்தனை நாளைக்கப்புறம் வெளியே வந்த சந்தோஷம் குரலில் தெரிந்தது. மாலில் இறங்கி நடக்கத்தான் பாடுபட்டார். என் தோளில் கையை வைத்துக்கொண்டு, நாலடிக்கு ஒரு தரம் கடை ஜன்னலைப் பார்ப்பதுபோல நின்று நின்று வந்தார். உள்ளாடைக் கடை ஜன்னலில் அப்படி நின்றபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாம் தளத்தில் ஒரு மூலையில் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே மெத்தை வைத்த பெஞ்சு. பெஞ்சுக்கு ஏற இரண்டு படி. அந்த இரண்டு படிக்குப் பௌதி கண்ணை மூடிக்கொண்டு என் கையை நசுக்கினார். பொறுப்பாக இருந்தது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. சிரிப்பு என்றால் என்னவென்று கேட்கிற முகம். எங்கள் காலில் புண் உண்டா, சர்க்கரை உண்டா என்று விசாரித்தார். குழாயடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டார். எங்களைவிட அந்த மீன்கள் மேல்தான் அவருக்கு அக்கறை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

தொட்டிக்குள் விரல் நீளம்கூட இல்லாத கறுப்பு மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "காலையிலிருந்து இதுங்க எத்தனை பேர் காலைக் கடிச்சிருக்கும்? அதே வாயோட என் காலையும் கடிக்கும். எச்சில் இல்லையா?" என்று பௌதியிடம் கிசுகிசுத்தேன். எச்சிலுக்கு இவர்களிடமும் ஏட்டோ என்று ஒரு சொல்லும் நம்மைப் போலவே ஆயிரம் சட்டமும் உண்டு. ஆனாலும் பௌதி, "காலுக்கு ஏது ஏட்டோ? உள்ள வை" என்று அதட்டிவிட்டார்.

அவர் முதலில் வைத்தார். வைத்த வேகத்தில் மீன்கள் மொய்த்தன. பௌதிக்குக் கூச்சம் தாங்கவில்லை. "ஓ மா கோ! ஓ மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். முழங்கால் போனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

நான் முருகா என்று கண்ணை மூடிக்கொண்டு காலை இறக்கினேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தால், என் காலைச் சுற்றி ஒரு மீன் இல்லை. தொட்டியிலிருந்த அத்தனையும் பௌதி பக்கம் ஒதுங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. என் குதிகாலிலிருந்து மஞ்சள் மஞ்சளாக ஒரு கலங்கல் பிரிந்து மேலே வந்தது. அதற்கு மேல் எண்ணெய் மினுமினுத்தது.

பொறுப்பாக இருந்த பெண்மணி ஓடி வந்தார். "தீதி! காலில் என்ன போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லையே. மஞ்சள்தான்."

"மஞ்சளா?"

"கொஞ்சம் விளக்கெண்ணெயும்."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பௌதி ஒரு விநாடி தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் வெடித்தாரே ஒரு சிரிப்பு, பெஞ்சே ஆடியது. "மீன் மேல மஞ்சள் பட்டா அடுத்தது என்னன்னு கொல்கத்தா மீனுக்குத் தெரியாதா? மஞ்சள் போட்டாச்சு! இனி உப்பும் எண்ணெயும்தான் பாக்கி!"

வங்காளத்துச் சமையலறை எதிலும் மீனுக்கு முதலில் நடப்பது அதுதான். மஞ்சளும் உப்பும் பிசிறி வைப்பார்கள், கடாயில் கடுகெண்ணெய் புகையும், உள்ளே போய்விடும். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் விஷயம் புரிந்து கொல்லென்று சிரித்தார்கள். சிரிக்காத பெண்மணிக்குக்கூட உதட்டோரம் துடித்தது. எனக்கு வெட்கத்தில் காது சிவந்தது, ஆனால் சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.

"உங்க பாஷையில இதையெல்லாம் எப்படிச் சொல்றது?" என்று பௌதி கேட்டார். சொன்னேன். மாலே கேட்கும்படி அவர் பாடம் படித்தார்: "மொஞ்சோல் ஆச்சு! உப்பு எங்கே? என்னே எங்கே?" வங்காளி நாக்கில் மஞ்சள் அப்படித்தான் வந்தது. கடாய்க்கு மட்டும் பாடம் தேவைப்படவில்லை, இரண்டு பாஷையிலும் ஏறக்குறைய அதே பேர்தான்.

அந்தப் பெண்மணி என்னை மட்டும் இறக்கிக் கூட்டிப்போய், சோப்பும் கல்லும் போட்டுக் குதிகாலைத் தேய் தேய் என்று தேய்த்தார். பக்கத்துச் சின்னத் தொட்டியில் உட்கார வைத்தார். "இதில் இருக்கிறது பழைய மீன். எதுக்கும் பயப்படாது" என்று சொல்லிவிட்டு மீதி நேரத்துக்கு மணி வைத்துவிட்டுப் போனார். பழைய மீன்களும் என் காலை ஒரு முழம் தள்ளியே நின்று பார்த்தன. வெடிப்புக்குள் போன மஞ்சள் ஒரு சோப்புக்கா போய்விடும்?

"கடிச்சுதா?" என்று பௌதி அந்தத் தொட்டியிலிருந்து கத்தினார்.

"இன்னும் இல்லை."

"அப்போ வேலூரும் இல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவில் தோள் இரண்டும் தளர்ந்து, ஒரு பெரிய மூச்சு வெளியே போனதை நான் பார்த்தேன். தப்பித்துவிட்டோம் என்கிற மூச்சு. இதுவரை விளையாட்டாக இருந்தது எனக்கு அந்த விநாடியில் விளையாட்டாக இல்லை. இன்றைக்கு இவர் நழுவினால் இனிமேல் பிடிக்க முடியாது. அந்த பால்கனியும் ஃபிளாஸ்க் காபியும்தான் கடைசிவரை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பௌதி மேல் அல்ல, மீன்கள் மேல்.

குனிந்தேன். தண்ணீருக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், எனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே பாஷையில் பேசினேன். "ஏலே, வாங்கலே. என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய? ஒரே ஒரு கடி கடிச்சிட்டுப் போங்கலே. அந்த அம்மா படி ஏறணும்லே. எங்க வீட்டுக்கு வரணும்லே." சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் தொட்டிக்குள் சொட்டியது. மீன் தொட்டிக்குள் குனிந்து அழுகிற சைவப் பிள்ளையை அந்த மால் அதற்கு முன்னால் பார்த்திருக்காது.

எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ தெரியவில்லை. வால் கொஞ்சம் கிழிந்த ஒரு மீன் மட்டும் கூட்டத்தை விட்டு வந்தது. என் சுண்டு விரலை முகர்ந்தது. விலகியது. திரும்ப வந்து சுருக்கென்று ஒரு கடி.

"கடிச்சிட்டு! பௌதி, கடிச்சிட்டு!" என்று நான் தமிழிலேயே கத்தினேன். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மணி அடித்ததும் அது கடித்ததும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் நடந்தது. மணிக்கு முன்னாலேயே கடித்துவிட்டது என்று அந்தச் சிரிக்காத பெண்மணியே சாட்சி சொன்னார்.

காரில் திரும்பும்போது பௌதி பூகோளப் பாடத்தை நடுவிலேயே நிறுத்தினார். பிறகு கேட்டார். "அந்த மீன்கிட்ட என்ன சொன்ன?"

சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாக, என் ஓட்டைப் பெங்காலியில். படி ஏறணும் என்பதைச் சொல்லிவிட்டேன், எங்கள் வீட்டுக்கு வரணும் என்கிற இடத்தில் வார்த்தை கிடைக்காமல் கையை மேலே காட்டினேன். பௌதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வந்ததும் கதவைத் திறந்த தாதாவிடம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொன்னார்: "டிக்கெட் போடு."

தை பிறந்ததும் போனார்கள். ஹவுராவில் ரயில் ஏற்றப் போயிருந்தேன். வெள்ளைக் காகிதம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "போன் திறந்திருக்கும்" என்று மறுபடியும் சொன்னேன். தலையை ஆட்டினார், நம்பின மாதிரி தெரியவில்லை.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் நான் அடுப்பில் எதையும் ஒழுங்காக வைக்கவில்லை. குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. போனை இட்லிப் பானைப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தேன். அடித்தது. தாதா. பதறிப்போன குரலில் என்னென்னவோ சொன்னார், ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் அவர் போனை யாரிடமோ கொடுத்தார்.

"அக்கா, நீங்க தமிழா? நான் தியேட்டர் நர்ஸ் பேசறேன். பயப்படாதீங்க, இன்னும் ஆரம்பிக்கல. இந்தம்மா ஒண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லுது. ஊசி போட்டதுல நினைவு எதுனா தடுமாறுதான்னு டாக்டருக்கு ஒரு சந்தேகம். வெளிய இருக்கிற அய்யாவைக் கேட்டா உங்களைத்தான் கேக்கச் சொல்றாரு."

"என்ன சொல்றாங்க?"

"வலி, தண்ணி, பாத்ரூம் எல்லாம் எங்களுக்கு பெங்காலியிலயே தெரியும் அக்கா. இது புதுசா இருக்கு. காலைத் தூக்கிப் பிடிச்சு மருந்து தடவினோம், மஞ்சளா இருக்குமே, அந்த மருந்து. அதைப் பாத்ததும் ஆரம்பிச்சிடுச்சு. மஞ்சள் ஆச்சு, உப்பு எங்க, எண்ணெய் எங்கன்னு தமிழ்ல கேக்குது. கேட்டுட்டுச் சிரிக்குது வேற."

நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து பேச்சே வரவில்லை. அந்தப் பக்கம் நர்ஸ் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக மீனையும் தொட்டியையும் என் குதிகாலையும் சுருக்கமாகச் சொன்னேன். நர்ஸ் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் திணறினாள்.

"நினைவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லிடுங்க" என்றேன். "அப்படியே உள்ள போய் அவங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க. கடாய் இன்னும் சூடாகலை, கொஞ்சம் பொறுங்கன்னு."

"பெங்காலியில அதை எப்படிச் சொல்றது அக்கா?"

"தமிழ்லயே சொல்லுங்க. சிரிச்சிக்கிட்டே சொல்லுங்க."

மறுபடி போன் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நல்லபடியாக முடிந்தது என்று தாதா மூன்று முறை சொன்னார். பிறகு பௌதி. குரல் கம்மி, நாக்குக் குழறி, ஆனால் அவரேதான்.

"பாய், அந்த ரூம்ல எல்லாரும் உன் பாஷையிலதான் பேசினாங்க. பேசிப் பேசிச் சிரிச்சாங்க. எனக்குப் பயமே இல்லை. எல்லாம் புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது, பௌதி?"

"கடாய் இன்னும் சூடாகலைன்னு."